ஐயோ, அந்த மேடு!

கொஞ்சம் ஆள்காட்டி விரலை நீட்டுங்கள், சொல்கிறேன். விரலுக்கு அடியில் ஒரு கீ இருப்பதாக நினைத்துக்கொள்ளுங்கள். அழுத்த ஆரம்பிக்கிறீர்கள், இன்னும் சரியாக இறங்கக்கூட இல்லை, அதற்குள் அடியிலிருந்து ஏதோ ஒன்று எழும்பி விரலைத் தடுக்கிறது. நீங்கள் விடவில்லை, ஓர் இம்மி கூடுதலாக அழுத்துகிறீர்கள், சடாரென்று தடை விலகி விரல் தானாகச் சரிந்து கீழே போய் இடிக்கிறது: தொக்! அவ்வளவுதான் விஷயம். இந்தத் 'தொக்'குக்காகத்தான் என் தூக்கம், சம்பளத்தில் ஒரு பங்கு, வீட்டில் எனக்கு மிச்சமிருந்த கொஞ்சநஞ்ச மரியாதை எல்லாம் போய்க்கொண்டிருக்கிறது. போகட்டும்!

விஷயம் தெரியாதவர்களுக்காக ஒரு நிமிடம். மெக்கானிக்கல் கீபோர்டில் ஒவ்வொரு கீக்கும் கீழே தனியாக ஒரு சுவிட்ச் உண்டு. நாமே பார்த்துப் பார்த்துக் கட்டுகிற கஸ்டம் கீபோர்டில் எந்தச் சுவிட்சைப் போடுவது என்பது நம் இஷ்டம், அங்கேதான் கட்சி பிரிகிறது. லீனியர்காரர்களுக்கு மேலிருந்து கீழ்வரை வழவழவென்று தடையே இல்லாமல் இறங்க வேண்டும். கிளிக்கிக்காரர்களுக்கு ஒவ்வொரு எழுத்துக்கும் 'டிக் டிக்' என்று தெருவுக்கே கேட்க வேண்டும். எங்கள் டாக்டைல் கட்சிக்கு அதெல்லாம் வேண்டாம், நடுவழியில் விரலுக்கு மட்டும் தெரிகிற ஒரு மேடு போதும். நான் சாகும்வரை இந்தக் கட்சிதான். கூட்டணிப் பேச்சுக்கே இடமில்லை.

அந்த மேடு எங்கிருந்து வருகிறது தெரியுமா? ஒரு சுவிட்சைப் பிரித்துக் கையில் கொட்டிப் பாருங்கள். மேல்மூடி, கீழ்க்கூடு, ஒரு ஸ்பிரிங், மேலும் கீழும் போய்வருகிற ஒரு பிளாஸ்டிக் தண்டு, பக்கவாட்டில் துளியூண்டு உலோகத் தகடு. தண்டின் ஒரு பக்கத்தில் இரண்டு குட்டிக் கால்கள். லீனியரில் அந்தக் கால்கள் நேராகச் சரிந்திருக்கும். டாக்டைலில் காலின்மேல் ஒரு சின்னப் புடைப்பு, வெளிச்சத்தில் சாய்த்துக் கண்ணைச் சுருக்கிப் பார்த்தால்தான் தெரியும். தண்டு இறங்கும்போது அந்தப் புடைப்பு தகட்டை நெட்டித் தள்ளிக்கொண்டு தாண்டுகிறது. தாண்டியதும் தகடு துள்ளிப்போய்த் தொட வேண்டியதைத் தொடுகிறது, எழுத்து திரையில் விழுகிறது. இத்தனை ஆனந்தமும் இந்தத் துக்கடா பிளாஸ்டிக்கிலிருந்து வருகிறது என்று தெரிந்த ராத்திரி, டேபிள் லைட்டுக்கு அடியில் அதை வைத்துக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த கோலத்தைப் பார்த்து அம்மா, "என்னடா, பல்லு ஏதாவது விழுந்துடுச்சா?" என்று கேட்டார்.

எல்லோரையும் போல நானும் பிரவுனில்தான் ஆரம்பித்தேன். செர்ரி எம்எக்ஸ் பிரவுன். ஜெர்மன் கம்பெனி, மொத்தம் 4 மி.மீ. ஆழம், 2 மி.மீ. இறங்கியதும் எழுத்து விழும். கடையில் டாக்டைல் என்று கேட்டால் முதலில் இதைத்தான் எடுத்து நீட்டுவார்கள். குறை சொல்ல மனம் வரவில்லை, ஆனால் அந்த மேடு இருக்கிறதே, லாரி ஏறி ஏறித் தேய்ந்துபோன வேகத்தடை: இருக்கிறது என்று தெரிந்தவனுக்குத்தான் தெரியும், மற்றவன் அறுபதில் தாண்டிப் போய்விடுவான். பிரவுனோடு நின்றுவிட்டு "டாக்டைல் எனக்குச் சரிப்படவில்லை" என்று சொல்கிறவர்களைப் பார்த்தால் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய் உட்காரவைத்து ஹோலி பாண்டா கதையைச் சொல்லத் தோன்றும். சொல்லிவிடுகிறேனே!

செர்ரியின் காப்புரிமை முடிந்ததும் சீனத் தொழிற்சாலைகள் அதே அளவில் விதவிதமாகச் சுவிட்ச் அடிக்க ஆரம்பித்தன. அதில் 'ஹேலோ' என்று ஒன்று, டாக்டைல். 'இன்வர் பாண்டா' என்று இன்னொன்று, அது லீனியர். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. யாரோ ஒரு புண்ணியவான் ஹேலோவின் சால்மன் மீன் நிறத் தண்டைக் கழற்றி, பாண்டாவின் கூட்டுக்குள் போட்டு மூடி அழுத்திப் பார்த்திருக்கிறார். அதுதான் ஹோலி பாண்டா! உருண்டு திரண்ட மேடு, தாண்டி விழும்போது கணீரென்று ஒரு 'க்ளாக்'. உலகத்துக்கே பைத்தியம் பிடித்துவிட்டது. ஒரு கீபோர்டுக்காக இரண்டு வகைச் சுவிட்சையும் முழு செட்டாக வாங்கி, இரண்டையும் பிரித்து, பாதியைச் சேர்த்து, மீதிப் பாதியைப் பெட்டியில் போட்டார்கள். அப்புறம் ட்ராப் நிறுவனம் அதே சேர்க்கையை முழுச் சுவிட்சாகவே விற்க ஆரம்பித்தது. எந்த இன்ஜினீயரும் உட்கார்ந்து யோசித்துச் செய்ததல்ல, விளையாட்டாகக் கழற்றி மாட்டியதில் பிறந்தது. இதைக் கேட்டு மயிர்க்கூச்செறியவில்லை என்றால் நமக்குள் பேச ஒன்றுமில்லை.

எனக்குக் கூச்செறிந்தது, சாம்பிள் வாங்கும் படலமும் தொடங்கியது. கனடாவின் ஜீல் பிசி கொண்டுவந்த ஜீலியோஸ், டுராக் டி1, குளோரியஸ் பாண்டா, விலை குறைந்த அக்கோ லாவெண்டர் என்று குட்டிக் குட்டிப் பொட்டலங்கள். கூரியர்காரர் வந்து கேட்டில் நின்றாலே வீட்டில் எல்லோரும் என்னைத்தான் திரும்பிப் பார்ப்பார்கள். "ஏங்க, பழைய கீபோர்டுல எழுத்து வரலையா?" என்றாள் மனைவி. "வருது." "அப்புறம்?" அப்புறம் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது! ஒரு சுவிட்சை அவள் விரலுக்கு அடியில் வைத்து, "அழுத்து, மெதுவா, மெதுவா, அங்க, அங்கதான்!" என்றேன். அழுத்தினாள். "நல்லாத்தான் இருக்கு" என்றாள். அந்த 'தான்' எனக்குப் போதும்.

இங்கே ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சுவிட்சை உள்ளங்கையில் வைத்துக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்து முடிவு செய்யவே கூடாது. கையில் எல்லாமே தேவாமிர்தம்தான். விரல் படுகிற கீகேப்பை மாட்டி, சுவிட்சுகளைத் தாங்குகிற பிளேட்டில் உட்காரவைத்து, உண்மையிலேயே நாலு பக்கம் அடித்தால்தான் சாயம் வெளுக்கும். அதேபோல் பெட்டியில் போட்டிருக்கும் கிராம் கணக்கையும் அப்படியே நம்பிவிடாதீர்கள். ஒரு கம்பெனி எழுத்து விழுகிற இடத்தின் எடையைப் போடும், இன்னொன்று கீ அடியில் இடிக்கும்போது உள்ள எடையைப் போடும். ஒரு பெட்டியின் 62-ம் இன்னொன்றின் 45-ம் ஒரே தராசில் நிறுத்தவை அல்ல. அதைவிட முக்கியம், மேடு எங்கே ஆரம்பிக்கிறது என்பது. சிலதில் கொஞ்ச தூரம் சும்மா இறங்கிவிட்டு அப்புறம் மேடு வரும். சிலதில் விரல் பட்ட உடனே மேடுதான். நான் இந்த இரண்டாவது ஜாதிக்கு அடிமை என்பது விரலுக்கு என்றைக்கோ தெரிந்திருக்கிறது, எனக்குத்தான் தாமதமாகத் தெரிந்தது.

அப்புறம் வந்தது பாருங்கள், கஸ்ஸூ போபா யூ4டி!

பெயரைப் பார்த்து ஏதோ ஜூஸ் என்று நினைக்காதீர்கள். கஸ்ஸூ என்பது வடிவமைத்தவர் வைத்துக்கொண்ட பெயர், செய்து தருவது சீனாவின் அவுட்டெமு. பொட்டலத்தைப் பிரித்து, கீபோர்டில் இருந்த பழையதைப் பிடுங்கி, 'தட் தட்' என்று இதை அமுக்கி மாட்டினேன். சாப்பாடு ஆறிக்கொண்டிருக்கிறது, யார் சாப்பிடுவார்கள்! நான் தட்டச்சு செய்வது தமிழ்99-ல், 1999-ல் தமிழக அரசு தரப்படுத்திய அந்த விசைப்பலகையில். உயிரெழுத்தெல்லாம் இடக்கைக்கு, மெய்யில் பெரும்பாலானவை வலக்கைக்கு. 'அம்மா' என்று அடிக்க வேண்டுமென்றால் அ, ம, ம, ஆ, நாலே தட்டு, நடுவிலுள்ள புள்ளி தானாக விழுந்துவிடும். அடித்தேன். இடது சுண்டுவிரல் அ-வில் இறங்குகிறது, தொட்ட மாத்திரத்தில் மேடு எழுந்து நிற்கிறது, கூர்மையாகக் குத்தாமல் முழுக்க உருண்டையாக, விரல் ஏறுகிறது, ஏறி முடித்து அந்தப் பக்கம் விழுகிறது, தொக், உடனே வலது நடுவிரல் ம-வில், ம-வில், தொக் தொக், அடுத்தடுத்து இரண்டு மேட்டையும் அதே விரல் ஏறி இறங்குகிறது, மறுபடி இடது சுண்டுவிரல் ஒரு வரிசை மேலே போய் ஆ-வில், தொக், திரையில் 'அம்மா' நிற்கிறது, நான் நாற்காலியில் இருந்து எழுந்துவிட்டேன், சத்தியமாக எழுந்துவிட்டேன், எழுந்து நின்றுகொண்டே குனிந்து 'வணக்கம்' அடித்தேன், கடைசி ம்-முக்குப் புள்ளி வைக்க இடது ஆள்காட்டி விரல் எஃப் கீக்குப் போகிறது, கீகேப்பில் அந்தச் சின்னக் கோடு விரலில் நெருடுகிறது, அதற்கு அடியில் மேடு, அதற்கும் அடியில் அந்த ஆழமான சத்தம், அப்புறம் 'தட்டுமுட்டு' அடித்தேன், 'கொக்கரக்கோ' அடித்தேன், 'பட்டுக்கோட்டை' அடித்தேன், இரட்டிக்கிற எழுத்துள்ள சொல் எதுவெல்லாம் ஞாபகம் வந்ததோ எல்லாம் அடித்தேன், அம்மா ஹாலில் இருந்து "மணி என்ன ஆகுது தெரியுமா?" என்கிறார், நான் அந்தக் கேள்வியையும் அடித்தேன்!

சரி, மூச்சு விட்டுக்கொள்கிறேன்.

இதில் 62 கிராம், 68 கிராம் என்று இரண்டு ஸ்பிரிங்கில் வருகிறது, இரண்டுமே அடியில் இடிக்கும்போதுள்ள எடை. இங்கிலீஷில் அடிக்கிறவர்களுக்கு எதுவானாலும் ஒத்துவரலாம். தமிழ்99 ஆட்களே, தயவுசெய்து உங்கள் வலது சுண்டுவிரலை நினைத்துப் பாருங்கள். ந, ய, ண, ச, ஞ, ழ எல்லாம் அந்த ஒற்றை விரலின் தலையில். கையிலேயே சோனியான விரல் அது! 68-ல் ஒரு பக்கம் 'யோசிச்சேன், நினைச்சேன்' என்று எழுதிப் பார்த்தால் சுண்டுவிரல் மனு கொடுக்கும். 62 கச்சிதம். இந்தக் கணக்கை எந்த வெளிநாட்டு விமர்சகரும் நமக்குப் போட்டுத் தரமாட்டார், நாமேதான் போட வேண்டும்.

எண்ணெய் விஷயம் ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். லீனியர்காரர்கள் கிரைட்டாக்ஸ் 205 என்ற கெட்டிக் கிரீசைப் பூசு பூசென்று பூசுவார்கள். அதைப் பார்த்து டாக்டைலில் நீங்களும் பூசினால் மேடு செத்தது. ஸ்பிரிங்குக்கு ஒரு சொட்டு, தண்டின் பக்கவாட்டுத் தடங்களில் ட்ரைபோசிஸ் மாதிரி மெல்லியதாக ஒரு பூச்சு, அந்த இரண்டு குட்டிக் கால்களில் மட்டும் பிரஷ் படவே கூடாது. யூ4டிக்கு நான் அதுகூடச் செய்யவில்லை. பெட்டியில் இருந்து எடுத்தது எடுத்தபடி, பாலிகார்பனேட் பிளேட்டில் மாட்டினேன். பித்தளை பிளேட்டில் சத்தம் கொஞ்சம் மேலே ஏறும், பாலிகார்பனேட்டில் அடிவயிற்றிலிருந்து வரும்.

குறையே இல்லையா என்றால், சத்தம் இருக்கிறது. ஆபீசுக்கு எடுத்துப் போன அன்றைக்குப் பக்கத்து சீட்டுத் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டு, "அண்ணா, மழையா?" என்றான். அதை நான் பாராட்டாகத்தான் எடுத்துக்கொண்டேன். உங்களுக்கு அப்படித் தோன்றாது என்றால் இதே குடும்பத்தில் சத்தம் போடாத யூ4 இருக்கிறது, மேடு அதிலும் உண்டு, 'தொக்' மட்டும் கிடையாது. 'தொக்' இல்லாமல் எப்படி வாழ்வது என்பதை அவர்களிடம்தான் கேட்க வேண்டும்.

என் கட்சிக்கு வருகிறவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். கீபோர்டு முழுக்க எழுபது சுவிட்சை ஒரேயடியாக ஆர்டர் போட்டுவிடாதீர்கள், அது சில ஆயிரம் ரூபாய் சமாச்சாரம். சாலிடர் இல்லாமல் மாட்டிக் கழற்றுகிற ஹாட்-ஸ்வாப் போர்டு ஒன்றைப் பிடியுங்கள். அதில் ஐந்து கால் சுவிட்ச் நுழையுமா என்று பார்த்துக்கொள்ளுங்கள், நுழையாவிட்டால் சுவிட்சின் அடியில் உள்ள இரண்டு பிளாஸ்டிக் கால்களைக் கத்தரித்துவிட்டால் சரியாகிவிடும். பிடித்த வகையில் பத்து, சந்தேகமான வகையில் பத்து வாங்கி, விரல்கள் வந்து நிற்கிற நடுவரிசையில் ஒரு கைக்கு ஒன்று, மறுகைக்கு ஒன்று என்று மாட்டி ஒரு வாரம் வேலையெல்லாம் அதிலேயே பாருங்கள். எந்தக் கை முதலில் குறை சொல்கிறதோ, அந்தப் பக்கத்துச் சுவிட்சைப் பிடுங்கிவிடுங்கள். மறு கை ஜெயித்தது. அது 62 கிராம் யூ4டி இல்லை என்றால் எனக்கு ஒரு வரி எழுதுங்கள், அது என்ன சுவிட்ச் என்று நானும் வாங்கிப் பார்த்தாக வேண்டும்.