கப்பலின் பெயர் வைக்கப்பட்டவளின் தாய்

1761 ஜூலையில் பாஸ்டன் துறைமுகத்தில் இறக்கப்பட்ட ஒரு சிறுமிக்கு, அவளைச் சுமந்துவந்த கப்பலின் பெயரையே வைத்தார்கள்: ஃபிலிஸ். விலைகொடுத்து வாங்கிய குடும்பத்தின் பெயர் பின்னால் ஒட்டிக்கொண்டது: வீட்லி. முன்பற்கள் விழுந்திருந்ததைப் பார்த்து வயது ஏழு இருக்கும் என்று கணித்தார்கள். 1773இல் அவளுடைய கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளியானது. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவரின் முதல் கவிதை நூல் அது.

இவளுடைய பூர்வீகத்தை எங்கே தேடுவது? அன்றைய அமெரிக்காவின் வெள்ளைக் குடும்பங்களுக்கு ஞானஸ்நானப் பதிவேடு, உயில், கல்லறைக்கல் என்று பின்னோக்கிப் போக வழியுண்டு. இவளைத் தேடிப் போனால் வணிகக் கடிதங்களில் முட்டி நிற்கிறோம். சிறுமிகளை இயன்றவரை குறைவாக வாங்கும்படி கப்பல் முதலாளி திமோத்தி ஃபிட்ச் தன் கேப்டனுக்கு எழுதியது இன்றும் எஞ்சியிருக்கிறது. தாயின் பெயர் எங்கும் இல்லை.

தாயைப் பற்றிக் கிடைப்பது ஒரே ஒரு காட்சி: உதிக்கும் சூரியனுக்கு முன் நீர் வார்க்கிறாள். அதைச் சொல்வது 1834இல் மார்கரெட்டா ஓடெல் எழுதிய வாழ்க்கைக் குறிப்பு. ஃபிலிஸ் இறந்து 50 ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓடெல் தன்னை எஜமானி சுசானா வீட்லியின் உறவினர் என்று சொல்லிக்கொண்டவர். ஃபிலிஸின் கறுப்பினக் கணவர் ஜான் பீட்டர்ஸை இழிவாகச் சித்தரித்ததும் இதே குறிப்புதான். அதுவே நெடுங்காலம் வரலாறாக வாசிக்கப்பட்டது.

கவிஞர் ஹொனொரே ஃபனோன் ஜெஃபர்ஸ் இந்த இடத்தில்தான் குறுக்கிடுகிறார். ஆண்டுக்கணக்காக ஆவணங்களைத் துழாவி, ஓடெல் சொன்ன உறவுக்கே ஆதாரம் என்ன என்று கேட்டார். 2020இல் வெளிவந்த ‘தி ஏஜ் ஆஃப் ஃபிலிஸ்’ தொகுப்பில் அந்தப் பெற்றோரைக் கவிதையில் கற்பனை செய்தார். அவர்களை யாய், பாய் என்று அழைக்கிறார். வொலோஃப் மொழியில் அம்மா, அப்பா. சங்கத் தமிழிலும் யாய் என்றால் தாய்தான். ஒலி ஒற்றுமை தற்செயல் என்று தெரிந்தும் அந்தப் பக்கத்தை என்னால் எளிதாகக் கடக்க முடியவில்லை.

கற்பனை வம்சாவளிக்குச் சான்றாகுமா என்று கேட்கலாம். ஆகாது. ஜெஃபர்ஸ் தன் கற்பனையைக் கவிதை என்று சொல்லியே தருகிறார். ஓடெலின் குடும்பக் கதையோ உண்மையென்று நடமாடியது. ஆனாலும் ஓடெலைச் சந்தேகிக்கும் நாம், அவர் தந்த நீர் வார்க்கும் தாயை மட்டும் கைவிட மனமில்லாமல் இருக்கிறோம். இந்தச் சங்கடத்தை மறைத்துப் பெண்ணிய விமர்சனம் செய்ய முடியாது. எஜமானியின் வீட்டுப் பேச்சு வழியாகத்தான் தாய் நமக்குக் கிடைத்தாள் என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

தந்தை அப்படி வரவில்லை. குடியேற்றங்களுக்குப் பொறுப்பான பிரிட்டிஷ் அமைச்சர் டார்ட்மவுத் பிரபுவுக்கு எழுதிய கவிதையில், குழந்தை பறிபோன தந்தையின் வேதனையை ஃபிலிஸே எழுதியிருக்கிறாள். அப்போது அவளுக்கு இருபது வயதுகூட நிரம்பியிருக்காது. இன்னும் அடிமை. பூர்வீகத் தேடலை நான் தொடங்குவது அந்தக் கவிதையிலிருந்துதான்.