முன்சந்தா, பின்சந்தா?

கேரளத்துச் சிரியன் கிறித்தவர் வீடுகளில் பண்டிகைக் காலையில் ஆப்பத்தோடு வரும் இஷ்டுவுக்கும், கொழும்புப் பறங்கியர் வீடுகளில் விருந்து மேசைக்கு வரும் ஸ்மோருக்கும் சாயல் ஒன்றுதான். இரண்டும் ஐரோப்பியர் வந்துபோன கரைகளில் உருவானவை. இரண்டிலும் மாட்டிறைச்சி மூடிய சட்டியில் சிறுதீயில் நெடுநேரம் கிடக்கிறது. பட்டை, கிராம்பு, தேங்காய்ப்பால் சேர்கிறது. ஆனால் இறைச்சிக்கடையில் கைகாட்டும் இடம் வேறு. இஷ்டுவுக்கு எலும்பும் சவ்வும் ஓடிய முன்சந்து, அதாவது முன்கால் பக்கத்துக் கறிதான் சரி. ஸ்மோருக்குப் பெரும்பாலும் பின்தொடையில் முழுசாக ஒரு கட்டி வாங்குகிறார்கள். இரண்டு தேர்வுமே சரிதான். ஏன் என்று பார்த்தால், மாட்டின் எந்தப் பாகமும் தன்னளவில் நல்லதோ கெட்டதோ இல்லை என்பது புரியும்.

மாடு நடக்கவும், தலையைத் தூக்கிப் பிடிக்கவும், குனிந்து மேயவும் உழைக்கும் தசைகளில் சவ்வு அதிகம். கழுத்து, தோள்சப்பை, நெஞ்சு, கெண்டைக்கால் எல்லாம் அந்த வகை. சவ்வில் இருப்பது கொலாஜன். அவசரமாக வதக்கினால் அது ரப்பராக இழுக்கும். 70 டிகிரி செல்சியஸைத் தாண்டிய சூட்டில் இரண்டு மூன்று மணி நேரம் ஈரத்தோடு கிடந்தால் கரைந்து ஜெலட்டின் ஆகும். குழம்புக்குக் கனமும், உதட்டில் ஒட்டும் பிசுக்கும் வருவது அதனால்தான். பின்தொடையில் சவ்வும் கொழுப்பும் குறைவு. அதைச் சிறு துண்டாக்கி இஷ்டுவில் போட்டால் இரண்டு மணி நேரத்தில் சாறெல்லாம் குழம்புக்குப் போய்விடும், பல்லில் சக்கைதான் மிஞ்சும். எலும்பில்லாத தனிக்கறிக்கு இரு நாட்டிலும் விலை கூடுதல். கூடுதல் காசு கொடுத்து வாங்கிய தொடைக்கறியில் சுமாரான இஷ்டு கிடைப்பது இப்படித்தான்.

அப்படியானால் ஸ்மோர் மட்டும் எப்படித் தப்புகிறது? அங்கே இறைச்சியைத் துண்டு போடுவதில்லை. ஒன்று ஒன்றரைக் கிலோ கட்டியை முள்கரண்டியால் குத்தி, வினாகிரியும் மிளகும் உப்பும் தடவி ஊறவைக்கிறார்கள். பிறகு றம்பை இலை, கறிவேப்பிலை, வறுத்த தூள், தேங்காய்ப்பாலோடு அடுப்பேற்றுகிறார்கள். முழுக்கட்டியாக இருப்பதால் வெட்டுமுகம் குறைவு. சாறு வெளியேறும் வழியும் குறைவு. வினாகிரியின் புளிப்பு, இருக்கும் கொஞ்ச சவ்வையும் இளக்குகிறது. வெந்தபின் கட்டியை எடுத்து நெய்யில் சிவக்க விட்டு, நாருக்குக் குறுக்காக மெல்லிசாக வெட்டி, வற்றிய குழம்பை மேலே ஊற்றுகிறார்கள். வெட்டும்போது துண்டு உதிராமல் நிற்க வேண்டும். கெண்டைக்கால் பல தசைகள் சேர்ந்த கட்டு. சவ்வு கரைந்ததும் தனித்தனியே பிரிந்துவிடும். தொடைக்கட்டி வடிவம் குலையாது. குழம்புக்காகச் சமைக்கும் பதார்த்தம் முன்சந்தைக் கேட்கிறது, துண்டுக்காகச் சமைப்பது பின்சந்தைக் கேட்கிறது.

இதை நாட்டுக் கணக்காக எடுத்துக்கொள்ளவும் கூடாது. இலங்கை முஸ்லிம் வீடுகளில் கறுக்க வறுத்த தூளில் வைக்கும் மாட்டிறைச்சிக் கறிக்கு எலும்பும் கொழுப்பும் கலந்த இறைச்சிதான் ருசி. சோற்றில் பிசைந்து சாப்பிடக் குழம்பு வேண்டுமே. இந்தியாவில் இதன் உச்சம் டெல்லி, லக்னோ நிஹாரி. கெண்டைக்காலும் நல்லியெலும்பும் இரவெல்லாம் வெந்து, விடிகாலையில் ரொட்டியோடு வரும். தொடைக்கறியில் நிஹாரி வைத்தால் அது வேறு ஏதோ குழம்பு.

பாகத்துக்கு அடுத்தபடி பார்க்க வேண்டியது மாட்டின் வயது. இங்கே சட்டமும் சமையலறைக்குள் வந்துவிடுகிறது. 1958இல் சென்னை மாநிலம் விலங்குப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது: பத்து வயது தாண்டி, வேலைக்கும் இனவிருத்திக்கும் உதவாத மாட்டைச் சான்று பெற்று அறுக்கலாம். அதே 1958இல் இலங்கையில் வந்த விலங்குகள் சட்டம் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பசுக்களை அறுக்கத் தடை விதித்தது. நோக்கம் உழவும் பாலும். விளைவு, உழைத்து முதிர்ந்த மாட்டின் இறைச்சியும் சட்டிக்கு வருகிறது. வயது ஏற ஏறக் கொலாஜன் இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். கரைய அதிக நேரம் பிடிக்கும். இளமாட்டை நினைத்து எழுதிய மேல்நாட்டுக் குறிப்பில் ஒன்றரை மணி நேரம் என்று இருந்தால் இங்கே மூன்று மணி நேரம் ஆகலாம். கேரளத்தில் பீஃப் என்று விற்பதில் எருமையும் உண்டு. எருமைக் கறி கருஞ்சிவப்பாக இருக்கும், கொழுப்பு வெள்ளை. பசு, காளையின் கொழுப்பில் மஞ்சள் ஓடியிருக்கும். எதுவானாலும் தசை அடர்ந்து கறுத்து, எலும்பு வெளுத்து இறுகியிருந்தால் முதிர்ந்த மாடு. எலும்பில் இளஞ்சிவப்பு தெரிந்தால் இளசு.

அவசரத்துக்குத் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் குக்கர் இருக்கிறது. உள்ளே சூடு 120 டிகிரி வரை போவதால் சவ்வு சீக்கிரம் கரையும். முதிர்ந்த முன்சந்துக்கு அது நல்ல துணை. தொடைக்கட்டியைக் குக்கரில் போடுவது வீண். அது பிழிந்து எடுத்த துணி மாதிரி ஆகிவிடும். ஸ்மோருக்குக் கனத்த அடிச்சட்டியும், கொதி அடங்கி மெல்லக் குமிழியிட வைக்கும் தீயும்தான் பொருத்தம்.

இரு நாட்டிலும் பொதுவான இன்னொரு வழக்கம், காலையில் அறுத்து அன்றைக்கே விற்பது. அறுத்த சில மணி நேரத்தில் தசை விறைத்துக்கொள்ளும். விறைப்பு தளர ஒரு நாளாவது வேண்டும். வாங்கிய அன்றே அடுப்பேற்றாமல் குளிர்பெட்டியில் ஓர் இரவு வைப்பது நல்லது. போயா எனும் பௌர்ணமி நாளில் இலங்கையிலும், திருவள்ளுவர் நாள், காந்தி ஜயந்தி போன்ற நாள்களில் தமிழ்நாட்டிலும் இறைச்சிக்கடைகள் மூடியிருக்கும். முதல் நாளே வாங்கி வைத்துச் சமைப்பவர்களுக்குக் கறி பதமாக அமைவதில் வியப்பில்லை.

ஆகவே கடைக்காரரிடம் நல்ல கறியாகக் கொடுங்கள் என்று கேட்பதில் பயனில்லை. நல்ல கறி என்றால் சுத்தமான தொடைக்கறியை நிறுத்துக் கொடுப்பார். அவர் செய்வதும் நியாயம்தான். என்ன சமைக்கப் போகிறோம் என்பதைச் சொல்லிக் கேட்க வேண்டும். சென்னையில், "பாய், குழம்பு வைக்கணும், சப்பையும் நெஞ்செலும்பும் கலந்து போடுங்க, சவ்வை எடுக்காதீங்க." கொழும்பில், "நானா, ஸ்மோருக்கு, தொடையில முழுக்கட்டியாத் தாங்க, துண்டு போட வேணாம்." இவ்வளவு சொன்னால் போதும், மாட்டின் வயதைக்கூட அவரே சொல்லிவிடுவார்.