ஒலிநாடாவும் மக்கள் குரலும்

வழக்கொழிந்துவிட்டது எனக் கருதப்பட்ட கசெற் ஒலிநாடா மேலைநாட்டுச் சந்தைகளில் மீண்டும் விலைபோகின்றது. பிரித்தானியாவில் 2020ஆம் ஆண்டில் மட்டும் 1,50,000க்கு மேற்பட்ட கசெற்றுகள் விற்பனையாயின. புகழ்பெற்ற பாடகர்கள் தமது புதிய பாடல்களை வண்ணக் கசெற்றுகளிலும் வெளியிடுகின்றனர். இது வெறும் பழமை மோகம் எனச் சிலர் தள்ளிவிடுவர். பொற்காலம் மீண்டதென வேறு சிலர் போற்றுவர். இவ்விரு சாராரும் பொருளின் புறத்தோற்றத்தையே நோக்குகின்றனர். ஒலிநாடா எத்தகைய சமுதாய உறவுகளைத் தோற்றுவித்தது என்ற வினாவை எழுப்பாது அதன் மறுவருகையை மதிப்பிடல் இயலாது.

காந்தப்பொடி பூசிய நாடாவில் ஒலியைப் பதியும் முறை ஜேர்மனியில் 1930களிலேயே நடைமுறைக்கு வந்தது. ஆயின், பெருஞ்சுருள்களைக் கொண்ட அக்கருவிகள் வானொலி நிலையங்களுக்கும் வசதி படைத்தோருக்குமே பெரிதும் எட்டின. ஒல்லாந்து நாட்டுப் பிலிப்ஸ் நிறுவனத்தின் பொறியியலாளர் லூ ஒற்றன்ஸ் தலைமையிலான குழுவினர் ஆக்கிய கசெற், 1963இல் பேர்லின் வானொலிக் கண்காட்சியில் முதன்முதலாக வைக்கப்பட்டது. நாடாவின் அகலம் 4 மில்லிமீற்றருக்கும் குறைவு. கருவியோ மின்கலத்தில் இயங்குவது. சோனி நிறுவனத்தின் நெருக்குதலாலும், போட்டி அமைப்புகளை வெல்லும் நோக்கத்தாலும், பிற நிறுவனங்கள் கட்டணமின்றி இதனை உற்பத்தி செய்யப் பிலிப்ஸ் இணங்கியது. வள்ளன்மைக்கு இதில் இடமில்லை. எனினும், சந்தைக் கணக்கின் விளைவுகள் கணக்கிட்டவனின் கைக்குள்ளேயே அடங்கி நிற்பதில்லை.

வட இந்திய வரலாறு இதற்குத் தக்க சான்றாகும். அமெரிக்க இசையாய்வாளர் பீற்றர் மனுவேல் 1993இல் வெளியிட்ட 'கசெற் கல்ச்சர்' என்னும் நூல் அதனை விரிவாக ஆராய்கின்றது. இசைத்தட்டுக் காலத்தில் இந்திய இசை வணிகம் ஏறக்குறைய முழுவதும் கிராமபோன் கம்பெனி என்ற ஒரே நிறுவனத்தின் பிடியில் இருந்தது. தட்டு அச்சிடப் பெருந்தொழிற்சாலை வேண்டும். இட்ட முதலை மீட்க ஒரே பாடல் நாடெங்கும் விலைபோதல் வேண்டும். ஆகவே, பம்பாய்த் திரைப்படப் பாடல் பிற இசைகளையெல்லாம் ஓரந்தள்ளியது. 1980களில் கசெற் பரவியதும் இந்நிலை தளர்ந்தது. ஒரு சிற்றறையில் சில கருவிகளை வைத்துக்கொண்டே பிரதிகள் எடுக்க முடிந்தது. மதுராவைச் சூழ்ந்த பிரஜ் வட்டாரத்து 'ரசியா' பாடல்களும், போஜ்புரி, கட்வாலி மொழிப் பாடல்களும் தத்தம் மண்ணிலேயே கேட்போரையும் வாங்குவோரையும் பெற்றன.

மனுவேல் இத்துடன் அமைந்துவிடவில்லை என்பதே நூலின் சிறப்பு. டில்லியில் பழச்சாறு விற்ற குடும்பத்திற் பிறந்த குல்ஷன் குமாரின் ரி-சீரிஸ் நிறுவனம், பழைய பாடல்களை வேறு குரல்களிற் பாடுவித்து மலிவாக விற்று, விரைவில் தானே பேரரசாயிற்று. 1990ஐ அண்டிய ஆண்டுகளில் அயோத்தி விவகாரத்தையொட்டி முஸ்லிம் மக்கள்மீது வெறுப்பைக் கக்கிய சொற்பொழிவுகளும் இதே கசெற்றுகளிலேயே ஊர் ஊராகச் சென்றன. கருவி தானாக முற்போக்கானதன்று என்பதை மறப்போர்க்கு இப்பகுதி நல்ல பாடமாகும்.

ஆயினும், மனுவேலின் கவனம் பெரிதும் விற்பனைக் கசெற்றையே சார்ந்தது. கசெற்றின் முழு ஆற்றலும் அங்கு வெளிப்படவில்லை என்பது எமது கருத்து. அதற்கு முன்னிருந்த இசைத்தட்டும் வானொலியும் மக்களைக் கேட்போராக மட்டுமே வைத்திருந்தன. கசெற் கருவியிலோ பதிவுப் பொத்தான் ஒன்றிருந்தது. வளைகுடா நாடுகளுக்கு உழைக்கச் சென்ற ஏழை மக்கள் அதன் துணையால் குரலையே கடிதமாக வீட்டிற்கு அனுப்பினர். எழுத்தறியாத தாயும் மறுமொழி அனுப்ப முடிந்தது. இதற்கு விற்பனைக் கணக்கு எதுவுமில்லை. ஆதலால் வணிக வரலாறுகளில் இடமுமில்லை.

இப்பொத்தானையே இசை முதலாளிகள் அஞ்சினர். வீட்டிற் பதிவது இசையைக் கொல்வது என்று, மண்டையோட்டு வடிவில் கசெற்றை வரைந்து, பிரித்தானிய இசை நிறுவனங்கள் 1981இல் இயக்கம் நடத்தின. இன்று அவ்வணிகமே கசெற்றை ஆவலோடு விற்கின்றது. முரண்பாடு போலத் தோன்றினும் இதில் முரண்பாடில்லை. கசெற்றின் விளிம்பிலுள்ள சிறு தகட்டை நீக்கிவிட்டால் அதிற் பதிய முடியாது. பாடல் பதிந்து விற்கப்படும் கசெற்றுகள் அத்தகடின்றியே வருகின்றன. திரும்பி வந்திருப்பது வாயடைக்கப்பட்ட கசெற்றாகும்.

இதனை வாங்கும் இளைஞரை நாம் எள்ளி நகையாடோம். மாதச் சந்தா கட்டி இணையத்தில் கேட்கும் பாடல் ஒருபோதும் கேட்பவனுக்குச் சொந்தமாவதில்லை. நிறுவனம் நினைத்தால் அது மறைந்துவிடும். கையிற் பிடிக்கத்தக்க ஒன்றை அவர்கள் நாடுவது நியாயமான அதிருப்தியின் வெளிப்பாடேயாகும். அவ்வதிருப்தியையும் வண்ணப் பொதியிலிட்டு விற்பது முதலாளித்துவத்தின் இயல்பு.

எனவே, மீட்கப்பட வேண்டியது பதிவுப் பொத்தானின் பொருள். இன்று எம் மாணவர் பலரது கைத்தொலைபேசியிலும் அது உண்டு. கேட்பதற்கே பழகிய கைகள் அதனை அரிதாகவே தொடுகின்றன. வயல்வெளியிலும் தேயிலைத் தோட்டத்திலும் பாடப்பட்ட பாடல்களை நெஞ்சில் வைத்திருக்கும் முதியோர் ஒவ்வொருவராக மறைந்து வருகின்றனர். அவர்கள் முன் அமர்ந்து அக்குரல்களைப் பதிந்து, ஆண்டும் ஊரும் பெயரும் குறித்துவைக்க மாணவரைப் பழக்குதல் ஆசிரியரின் கடமையாகும். கடையில் வாங்கிய நூறு கசெற்றுகளைவிட அத்தகைய ஒரு பதிவு ஒலிநாடாவின் உண்மையான மறுவருகையாக அமையும்.