பக்கத்து நிறம்

ஜோசப் அல்பேர்ஸ் என்ற ஓவியரைப் பற்றிப் பேசுமுன் ஒரு சிறு பரிசோதனையைச் செய்து பார்க்கும்படி வாசகர்களைக் கேட்டுக்கொள்கிறேன். ஒரே சாம்பல்நிறத் தாளிலிருந்து இரண்டு சிறு சதுரங்களை வெட்டுங்கள். ஒன்றைக் கறுப்புத் தாளிலும் மற்றதை வெள்ளைத் தாளிலும் வையுங்கள். கறுப்பின் மேலுள்ளது வெளிறியும், வெள்ளையின் மேலுள்ளது இருண்டும் தெரியும். சதுரம் மாறவில்லை, அதன் அயல்தான் மாறியிருக்கிறது.

அல்பேர்ஸ் (1888–1976) தன் வாழ்வின் பிற்பகுதியை இந்த ஓர் உண்மைக்கே கொடுத்தவர் எனலாம். ஜேர்மனியின் பௌஹவுஸ் கலைப்பள்ளியில் ஆசிரியராக இருந்தார். நாஜிகளின் நெருக்குதலால் 1933இல் அப்பள்ளி மூடப்பட, யூதக் குடும்பத்தில் பிறந்த மனைவி அன்னியுடன் அமெரிக்காவுக்குப் பெயர்ந்தார். 1963இல் வெளிவந்த, நிறங்களின் ஊடாட்டம் பற்றிய அவரது நூலின் வண்ணத்தாள்கள் ஸ்கிரீன் பிரிண்டில் அச்சானவை. நம் ஊர்களில் கலியாணக் கார்ட்டும் கடைப்பையும் அச்சிட்ட அதே முறைதான்: சட்டத்தில் இழுத்துக் கட்டிய வலைத்துணி, வேண்டாத இடத்தை அடைத்தல், றப்பர் பட்டையால் மையை இழுத்தல். தூரிகைத் தடம் விழாது. நிறம் ஒரே சீராக இருக்கும். ஆகவே, ஒரே மை ஈரிடங்களில் இருவிதமாகத் தெரிந்தால் அது கையின் பிழையல்ல, கண்ணின் வேலை என்பது ஐயமின்றிப் புலனாகும்.

1940களின் பிற்பகுதியில், மெக்சிகோவின் மண்கல் வீடுகளைப் பார்த்த அனுபவத்திலிருந்து அவர் ஒரு வரிசையைத் தொடங்கினார். சில செவ்வகங்கள், நடுவே ஜன்னல்கள் போல இரண்டு கட்டங்கள், அவ்வளவுதான். 1960களில் அவற்றுள் பத்து ஸ்கிரீன் பிரிண்டுகளாக வந்தன. வீட்டின் கோடுகள் ஏறக்குறைய அவைதாம்; நிறங்கள் மாறமாற வீடே வேறாகிவிடுகிறது.

இந்தப் படங்களைப் பார்த்தபோது என் நினைவுக்கு வந்தது தா. சனாதனனின் 'முடிவுறாத தோம்பு'. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் நுண்கலை கற்பிக்கும் ஓவியரான அவருடைய இந்நூல் 2011இல் ஆங்கிலத் தலைப்புடன் வெளியானது. தோம்பு என்பது போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் எழுதிவைத்த காணிப் பதிவேடு. போரில் வீடிழந்த தமிழரும் முஸ்லிம்களுமாக 80 பேர் நினைவிலிருந்து வரைந்த வீட்டுத் தளப்படங்கள் இதில் உள்ளன. ஒவ்வொன்றையும் அடுத்து அளவுகோல் பிடித்துத் திருத்திய கட்டடக்கலை வரைபடம். பின் சனாதனனின் ஓவியம்.

இந்நூலைப் பார்த்தபின் என் உம்மாவிடம் ஒரு தாளைக் கொடுத்து, சோனகத் தெருவில் 1990 வரை நாங்கள் இருந்த வீட்டை வரையச் சொன்னேன். அவர் முதலில் போட்டது அடுத்த வீட்டு மதிலை. "எங்கட வீட்டையல்லவா கேட்டேன்" என்றேன். "அது எங்கயெண்டு தெரிஞ்சாத்தானே எங்கட வீடு எங்கயெண்டு தெரியும்" என்றார். அல்பேர்ஸ் சொன்னதும் இதுதான்.

1990 ஒக்டோபர் 30ஆம் திகதி விடுதலைப் புலிகள் யாழ் முஸ்லிம்களுக்கு இரண்டு மணி நேர அவகாசம் கொடுத்து வெளியேற்றினர். வடக்கிலிருந்து அம்மாதம் வெளியேற்றப்பட்டோர் சுமார் 75,000 பேர். நாம் இழந்தது நான்கு சுவர்களை மட்டுமல்ல. அந்தச் சுவர்களுக்கு நிறம் தந்த அயலையும்தான். 2009க்குப் பின் திரும்பிப் போனவர்கள் சிலர் அதே அத்திவாரத்தில் நின்றும் "இது எங்கட வீடில்லை" என்று சொன்னதன் பொருள் இதுவே. கோடு அங்கே இருந்தது. பக்கத்து நிறம் இல்லை.

அல்பேர்ஸிடம் எனக்கொரு மறுப்பும் உண்டு. அவரது வீட்டில் ஆளில்லை. யார் இருந்தார்கள், ஏன் போனார்கள் என்று அவர் கேட்கவுமில்லை. நிறத்தை மட்டும் பேசவைக்க அது அவருக்குத் தேவைப்பட்டது. நமக்கு அது போதாது. நம்மை வெளியேற்றியவரின் பெயரைக் கூறாத எளிமை, எளிமையல்ல, மறதி. சனாதனன் இங்கேதான் ஒரு படி மேலே நிற்கிறார். கைக்கோட்டையும் அளவுகோல் கோட்டையும் அருகருகே வைத்ததால், நேர்க்கோடு எதைத் துடைத்துவிடுகிறது என்பதை நாமே கண்டுகொள்கிறோம். உம்மாவின் படத்தை ஓர் அலுவலகத்தில் திருத்திக் கொடுத்தால் முதலில் காணாமற்போவது அந்த அயல்மதிலாகவே இருக்கும்.

ஆனால் நம் எழுத்தாளர்கள் அல்பேர்ஸிடம் கற்க வேண்டியதும் உண்டு. வெளியேற்றத்தைப் பற்றிய நம் கதைகளிலும் கவிதைகளிலும் கண்ணீரும் குருதியும் இருளும் ஒன்றன்மேலொன்றாக அப்பப்படுகின்றன. எல்லா நிறமும் கலந்தால் சேறுதான் மிஞ்சும். நானும் அப்படி எழுதியவன்தான். ஒரு கிணறு, ஒரு படலை, அடுத்த வீட்டு மதில்; இவற்றைச் சரியான இடத்தில் வைத்தாலே போதும். மிச்ச நிறத்தை வாசகன் கண் பார்த்துக்கொள்ளும்.