கணக்கில் ஏறாத ‘கிரேஸ்’

ஆலயத்திலும் அங்காடியிலும் ஒருங்கே புழங்கும் சொற்கள் ஆங்கிலத்தில் சில உண்டு. அவற்றுள் ‘கிரேஸ்’ தலையாயது. விருந்தில் அமர்ந்தவர்கள் உண்ணுமுன் சொல்லும் செபம் ‘கிரேஸ்’. நடனமாடும் பெண்ணின் கைவீச்சில் தோன்றும் எழில் ‘கிரேஸ்’. பிரபுக்களில் உயர்ந்தவரான ‘டியூக்’கையும் பேராயரையும் ஆங்கிலேயர் விளிக்கும் மரியாதைச் சொல்லும் அதுவே. தேர்வில் இரண்டு மதிப்பெண் குறைந்த மாணவனைக் கரையேற்றுவதும் ‘கிரேஸ்’தான். பிரித்தானியரின் 1882ஆம் ஆண்டு உண்டியல் சட்டம், தவணை முடிந்த பின்னும் கடன்காரனுக்கு மூன்று ‘கிரேஸ்’ நாள்களை அளித்தது. நம் நாட்டின் 1881ஆம் ஆண்டு மாற்றுமுறை ஆவணச் சட்டமும் அவ்வாறே மூன்று நாள் தருகிறது. இத்தனைக்கும் மேலே, மனிதன் தன் தகுதியால் ஈட்டமுடியாததும் கடவுள் தாமாகவே தருவதுமான உயிரையும் ஆங்கிலம் இதே சொல்லால்தான் குறிக்கிறது.

இலத்தீனின் ‘கிராசியா’விலிருந்து பிறந்த சொல் இது. பிறர்க்கு இனிதாதல், தயவு காட்டுதல், பெற்ற தயவுக்கு நன்றி கூறுதல் ஆகிய மூன்றும் அதில் அடங்கியிருந்தன. விலையின்றிக் கிடைப்பதைச் சுட்டும் ‘கிராட்டிஸ்’ என்ற சொல்லும் அதன் உடன்பிறப்பே. ஆங்கிலத்திற்கு வந்த பிறகு இச்சொல்லைக் குறித்து ஒரு போரே நடந்தது. புதிய ஏற்பாட்டை மொழிபெயர்த்த வில்லியம் டின்டேல் சில இடங்களில் இதனை விலக்கிவிட்டு, ‘தயவு’ என்னும் பொருளுடைய எளிய சொல்லொன்றை இட்டார். புனித தாமஸ் மூர் 1529இல் வெளியிட்ட நூலில் டின்டேலின் சொற்தேர்வுகளைக் கடுமையாகக் கண்டித்தார். ஒரு சொல் மாறினால் ஒரு கோட்பாடே சரியும் என்று இருவரும் நம்பினார்கள். இன்று வங்கியில் ‘கிரேஸ்’ நாள் கேட்டு நிற்பவருக்கு அந்தப் போர் நினைவுக்கு வருவதில்லை.

ஆயினும் ஓர் எழுத்தாளர் இவ்வெல்லாப் பொருள்களையும் ஒரே சிறுகதைக்குள் அடைத்து, அக்கதைக்கு இச்சொல்லையே பெயராகச் சூட்டினார். ஜேம்ஸ் ஜாய்ஸ் 1914இல் வெளியிட்ட ‘டப்ளினர்ஸ்’ தொகுப்பில் ‘கிரேஸ்’ என்ற கதை இருக்கிறது. இயேசு சபையினரின் பள்ளிகளில் பயின்று, பின்னர் திருச்சபையை விட்டு நீங்கியவர் ஜாய்ஸ். நம்மவர் பலர் அக்கதையைக் குருக்களைப் பழிக்கும் கதை என்று ஒதுக்குவர். நானும் குருமட நாள்களில் அவ்வாறே ஒதுக்கினேன். பின்னர், என் சொந்தத் தவறொன்றின் காரணமாகவே அதனை மீண்டும் எடுத்துப் படித்தேன்.

கதை எளியது. தேயிலை வணிக முகவரான கெர்னன் ஒரு மதுக்கடையின் படிக்கட்டில் குடிமயக்கத்தில் உருண்டு விழுந்து, நாவின் நுனியைக் கடித்துக்கொள்கிறார். நண்பர் பவர் அவரை வீடு சேர்க்கிறார். இரண்டு நாள் கழித்து நண்பர்கள் கூடிப் படுக்கையருகே அமர்ந்து, தியானத்திற்கு வருமாறு அவரை மெல்ல இணங்கச் செய்கிறார்கள். அப்பேச்சில் திருத்தந்தையரைப் பற்றியும் திருச்சங்கத்தைப் பற்றியும் அவர்கள் உதிர்க்கும் பிழைகளைப் படித்தால் எந்தப் பங்குக் குருவுக்கும் சிரிப்பு வரும். உடனே தம் பங்குப் பேரவைக் கூட்டமும் நினைவுக்கு வரும். முடிவில் எல்லாரும் கார்டினர் தெருவிலுள்ள இயேசு சபை ஆலயத்திற்குப் போகிறார்கள். வட்டிக்கு விடுபவரும் அடகுக்கடைக்காரரும் அங்கே இருக்கிறார்கள். தந்தை பர்டன் மறையுரையாற்றுகிறார்.

இனி, அந்தச் சொல் எங்கெங்கே வருகிறது என்று பாருங்கள். நல்ல தொப்பியும் கணுக்கால் உறையும் இருந்துவிட்டால் அவற்றின் ‘கிரேஸ்’ஸால் ஒரு வணிகர் எங்கும் தலைநிமிர்ந்து செல்லலாம் என்பது கெர்னனின் கொள்கை. மளிகைக் கடைக்காரர் ஃபோகார்ட்டி ஒருவிதக் ‘கிரேஸ்’ஸுடன் நடந்துகொள்பவர். அவர் நோயாளிக்கு விஸ்கி கொண்டுவருகிறார். கெர்னன் அவருக்குத் தரவேண்டிய மளிகைப் பாக்கி இன்னும் தீரவில்லை. ஆகவே அந்தப் பரிசு அவருக்கு இருமடங்கு இனிக்கிறது. கடைசியில் தந்தை பர்டனின் வாயில் அச்சொல் வருகிறது. அவர் லூக்கா நற்செய்தி 16ஆம் அதிகாரத்தின் முறைகேடான பொறுப்பாளரைப் பற்றிய பகுதியை எடுத்துக்கொள்கிறார். வணிகர்களிடம் வணிகர் மொழியிலேயே பேசுகிறார். தம்மை அவர்களுடைய ஆன்மீகக் கணக்கர் என்கிறார். ஒவ்வொருவரும் தம் பேரேட்டைத் திறந்து, தவறியதைக் கடவுளின் ‘கிரேஸ்’ஸோடு சரிசெய்து, கணக்கை நேராக்கிக்கொள்ளட்டும் என்று முடிக்கிறார். கதையும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

தொப்பிக்கும் கணுக்கால் உறைக்கும் இருந்த மதிப்புதான் இப்போது இறையருளுக்கும் கிடைத்திருக்கிறது. இரண்டும் ஆள் தப்பிச்செல்ல உதவுகின்றன. ஜாய்ஸின் அம்பு இந்த இடத்தில் தைக்கிறது. அது திருச்சபையின்மீது எய்யப்பட்டது என்பார்கள். எனக்கோ அது என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் நானே அந்த மறையுரையை ஆற்றியிருக்கிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன் ஒரு கடைவீதிப் பங்கில் வணிகர்களுக்கெனத் தவக்காலத் தியானம் நடத்தினேன். பற்று, வரவு, ஐந்தொகை என்று இரண்டு மணிநேரம் பேசினேன். முடிந்ததும் ஒரு மூத்த கடைக்காரர் என் கையைப் பற்றி, “சாமி, எங்க பாஷையிலேயே சொல்லிட்டீங்க” என்றார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எல்லாரும் போனபின் தூணோரத்தில் ஒருவர் நின்றிருந்தார். தொழில் முறிந்து, குடியிலும் விழுந்தவர். “சாமி, எந்தக் கணக்கும் நேராகாதவன் நான். நாளைக்கு நான் வரலாமா?” என்று கேட்டார். வரலாம் என்றுதான் சொன்னேன். மறுநாள் அவர் வரவில்லை. வரலாம் என்ற ஒரு சொல்லைவிட, அந்த இரண்டு மணிநேரப் பேச்சுதான் அவர் காதில் நின்றிருக்க வேண்டும்.

இக்கதையில் இறையருளே இல்லை, வெறும் ஏளனந்தான் உண்டு என்போருடன் நான் உடன்படவில்லை. முதல் பக்கங்களை மீண்டும் படியுங்கள். கெர்னன் இரத்தம் ஒழுக விழுந்து கிடக்கிறார். உடன் குடித்த இருவரைக் காணோம். பெருத்த உடலுடைய காவலர் வருகிறார். இடுப்பிலிருந்து சிறு குறிப்பேட்டை எடுத்து, பென்சில் முனையை நாவால் நனைத்து, எழுத ஆயத்தமாகிறார். ஆக, கதையில் முதலில் திறக்கப்படும் கணக்கேடு இதுதான். அப்போது சைக்கிள் உடை அணிந்த ஓர் இளைஞர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, காயமுற்றவர் அருகே மண்டியிட்டுத் தண்ணீர் கேட்கிறார். அதைக் கண்டு காவலரும் மண்டியிடுகிறார். இளைஞர் வாயிலிருந்த இரத்தத்தைக் கழுவுகிறார். பிற்பாடு கெர்னன் குழறும் நாவால் நன்றி சொல்ல, அது பெரிதல்ல என்று கைகுலுக்குகிறார். சேர்ந்து ஒரு வாய் குடிக்க முடியவில்லையே என்று கெர்னன் வருந்த, இன்னொரு நாள் பார்க்கலாம் என்று விடைபெறுகிறார். அவருக்குப் பெயர்கூட இல்லை. நான் படித்த அளவில், கதை முழுவதிலும் உண்மையாக மண்டியிடுபவர் அவரே. ஆலயத்திலோ ஆடவர்கள் கைக்குட்டை விரித்து, கால்சட்டை அழுக்காகாமல் மண்டியிடுகிறார்கள்.

எதையும் எதிர்பாராத அந்தச் செயலுக்கு ஜாய்ஸ் ‘கிரேஸ்’ என்ற பெயரைச் சூட்டவில்லை. சொல் வரும் இடங்களிலெல்லாம் பொருள் தேய்ந்திருக்கிறது. பொருள் நிறைந்திருக்கும் இடத்தில் சொல் இல்லை. அவர் தெரிந்தே செய்தாரா என்று வாதிட வேண்டியதில்லை. கதை அப்படித்தான் அமைந்திருக்கிறது.

இக்கதையைத் தமிழில் தருபவருக்கு ஒரு சிக்கல் காத்திருக்கிறது. நம்மிடம் சொற்கள் தனித்தனி. நடையழகு நயம், கடனுக்கு அவகாசம், தேர்வுக்குக் கருணை மதிப்பெண், பேராயர் ஆண்டகை. இறைவனுடையது மட்டும் அருள். என் பாட்டி சொன்ன மங்கள வார்த்தை செபத்தில் அது ‘பிரியதத்தம்’, ஞானோபதேசத்தில் ‘வரப்பிரசாதம்’, சீர்திருத்தச் சபை அண்டைவீட்டாருக்குக் ‘கிருபை’. ‘அருள்’ என்று கதைக்குப் பெயரிட்டால் தொப்பி வெளியே போய்விடும். ‘நயம்’ என்றால் கோவில் வெளியே போய்விடும். கடவுளின் சொல்லை அங்காடித் தூசு படாமல் தமிழர் காத்துவிட்டோம் என்று சிலர் மகிழலாம். எனக்கு அந்த மகிழ்ச்சி முழுதாக இல்லை. தூசு படாத சொல் பீடத்திலேயே தங்கிவிடுகிறது. மதுக்கடைப் படிக்கட்டின் அடிவரை அது இறங்குவதில்லை.

‘தயவு’ என்ற சொல்லை முயன்று பார்க்கலாம் என்று தோன்றுகிறது. உடுப்பின் தயவால் பிழைக்கிறான் என்று தமிழில் ஏளனமாகச் சொல்ல முடியும். ஆண்டவரின் தயவால் உயிரோடிருக்கிறேன் என்று கண்ணீரோடும் சொல்ல முடியும். கடன்காரனும் கைகூப்பிக் கேட்பது அதைத்தான். டின்டேல் எடுத்துக்கொண்ட பொருளும் ஏறத்தாழ இதுவே என்பதைத் தாமஸ் மூரின் பக்தனான நான் சற்றுக் கூச்சத்தோடுதான் எழுதுகிறேன்.

வரும் தவக்காலத்தில் மீண்டும் ஒரு வணிகர் தியானம் கேட்டிருக்கிறார்கள். லூக்கா 16ஐ விட்டுவிட்டு, அதற்கு முந்திய அதிகாரத்தை எடுக்கலாம் என்றிருக்கிறேன். தூணோரத்தில் நின்றவர் இப்போது வேறு ஊரில் இருக்கிறாராம், முகவரி விசாரித்துக்கொண்டிருக்கிறேன்.