இறங்கி வரும் வெளிச்சம்

கூரையோடு ஒட்டிய விளக்கு அறை முழுவதற்கும் பொது. தொங்கும் விளக்கோ ஓரிடத்தைத் தேர்ந்து அங்கே இறங்கி வருகிறது. அந்த அக்கறைதான் எனக்குப் பிடித்தது.

கோயில்களில் தொங்கும் தூண்டாமணி விளக்கு இந்தக் கலையின் மூத்த வடிவம். இலங்கையில் தெதிகமவில் கிடைத்த 12ஆம் நூற்றாண்டு யானை விளக்கின் நுட்பம் அபாரம்: தட்டில் எண்ணெய் குறைந்தால், எண்ணெய் நிரப்பிய யானை உருவத்துக்குள் காற்று புகும், எண்ணெய் தானே வழியும், மட்டம் ஏறியதும் நின்றுவிடும்.

தொங்கும் விளக்கின் ஒளி நிறத்தையும் (அதன் அளவு கெல்வின்) இடம்தான் தீர்மானிக்க வேண்டும். ராஜபாளையத்தை அடுத்த சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்கிறார்கள். தறிக்கூடத்தில் அறுந்த இழை சட்டென்று தெரிய வேண்டும். அதற்கு 4000 கெல்வின் வெள்ளொளி விளக்கு, நெய்பவரின் நிழல் பாவில் விழாதபடி தொங்கட்டும். ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா கடைக்கு 3000 கெல்வின் இளமஞ்சள் பொருந்தும். பால்கோவாவின் நிறம் அதில் கனிந்து தெரியும்.

வீட்டுச் சாப்பாட்டு மேசைக்கு மேலே இரண்டரை முதல் மூன்றடி உயரத்தில் தொங்கவிடுங்கள். எதிரில் இருப்பவர் முகம் மறையாது, பல்பும் கண்ணைக் குத்தாது. ஆள் நடமாடும் இடத்தில் தரையிலிருந்து 7 அடிக்குக் கீழே இறக்க வேண்டாம். விளக்கின் அழகைக் கடையில் பார்க்கலாம்; அதன் உயரத்தை நம் வீட்டில், நாம் உட்காரும் இடத்தில் உட்கார்ந்துதான் முடிவு செய்ய வேண்டும்.