தாவும் மரபணுவும் திண்டிவனம் மல்லாட்டையும்

திண்டிவனத்து ஆராய்ச்சி நிலையத்திலிருந்து 1940-இல் வெளிவந்த டி.எம்.வி. 2 என்ற மல்லாட்டை (நிலக்கடலை) ரகம் மரபியல் ஆய்வுக் கட்டுரைகளில் இன்றும் தலைகாட்டுகிறது. குடியாத்தம் கொத்து என்ற பழைய ரகத்திலிருந்து நல்ல செடிகளைப் பொறுக்கி, விதைகளை ஒன்றாகக் கலந்து பெருக்கிக் கிடைத்த ரகம் அது. பொறுக்கியவர்கள் பார்த்தது செடியை: கொத்தாகக் காய்க்கிறதா, பருப்பு திரள்கிறதா என்பதை. மரபணு என்பது எந்தப் பொருளால் ஆனது என்றே அன்றைக்கு உறுதியாகவில்லை.

பரிணாமத்தை மரபணுவின் பக்கத்திலிருந்து பார்ப்பவர்கள் இதைத் தலைகீழாகச் சொல்வார்கள். செடி ஒரு பருவத்தில் மடிந்துவிடுகிறது; அதன் மரபணுச் சேர்க்கையும் கலைந்துவிடுகிறது. நகலாகி நகலாகித் தலைமுறைகளைத் தாண்டுவது மரபணு மட்டுமே. ஆகவே இயற்கைத் தேர்வின் வரவு செலவை அதன் பெயரில்தான் எழுத வேண்டும். வில்லியம் ஹாமில்டன் 1964-இலும் ஜார்ஜ் வில்லியம்ஸ் 1966-இலும் இதற்கு அடித்தளமிட்டார்கள். ரிச்சர்ட் டாக்கின்ஸ் 1976-இல் எழுதிய ‘தன்னல மரபணு’ உலகெங்கும் இதைக் கொண்டுசென்றது. அன்று முதல் சண்டை ஓயவில்லை. ஆனால் சண்டை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி நடக்கவில்லை. அதைக் கவனிக்காமல் ‘இந்தப் பார்வை வென்றதா, தோற்றதா’ என்று கேட்பது வீண் வேலை.

அது ஐயமில்லாமல் வென்ற இடம் மரபணுத்தொகுதியின் உள்ளே இருக்கிறது. மக்காச்சோளத்தில் இடம்விட்டு இடம் தாவும் மரபணுத் துண்டுகளை பார்பரா மெக்ளின்டாக் 1940-களிலேயே கண்டார். நோபல் பரிசு வர 1983 ஆயிற்று. இடையில், 1980-இல், டூலிட்டில், சபியென்சா இருவரும் ஒரு கட்டுரையிலும் ஆர்கெல், கிரிக் இருவரும் மற்றொன்றிலும் ஒரே கருத்தைச் சொன்னார்கள்: இந்தத் துண்டுகளால் உயிரிக்கு நன்மை உண்டா என்று தேட வேண்டியதில்லை, தம்மைத் தாமே பெருக்கிக்கொள்ளத் தெரிந்ததே அவை நிலைத்திருக்கப் போதிய காரணம். டாக்கின்ஸின் நூல் இதைத் தொட்டுத்தான் சென்றது. இன்றோ, அந்தப் பார்வையின் மிக வலுவான சான்று இதுதான்.

மல்லாட்டை இதற்கு அருமையான எடுத்துக்காட்டு. தென் அமெரிக்காவில் இரண்டு காட்டு இனங்கள் கலந்து பிறந்த பயிர் அது. இரு பெற்றோரின் குரோமோசோம்களையும் முழுதாகச் சுமக்கிறது. அந்த இரு காட்டு இனங்களின் மரபணுத்தொகுதிகள் 2016-இல் படிக்கப்பட்டபோது, அவற்றில் பாதிக்கு மேல் தாவும் துண்டுகளும் அவற்றின் எச்சங்களுமே என்று தெரிந்தது. செடி அவற்றை அடக்கியே வைத்திருக்கிறது. கலப்போ வேதிப்பொருளோ அந்த அடக்கத்தைக் குலைத்தால் சில மறுபடி நகர்கின்றன. டி.எம்.வி. 2-ஐ ஈ.எம்.எஸ். என்ற வேதிப்பொருளால் மாற்றியதில் குறுகிய இலை கொண்ட திரிபு ஒன்று கிடைத்தது. தார்வாட் வேளாண் பல்கலைக்கழகத்தினர் இவ்விரண்டையும் கலந்து, சந்ததியில் எந்தப் பண்பு குரோமோசோமின் எந்தப் பகுதியோடு சேர்ந்து வருகிறது என்று தேடினார்கள். ஒரே ரகத்தின் இரு வடிவங்களுக்கு இடையே பிரித்தறிய உதவும் மரபணு வேறுபாடு கிடைப்பது அரிது. அதற்கு அவர்கள் நம்பியது, ஏ.எச். மைட் 1 போன்ற தாவும் துண்டுகள் குதித்து அமர்ந்த இடங்களைத்தான்.

இதே துண்டு வேறு சில திரிபுச் செடிகளில் கொழுப்பு அமிலத்தை மாற்றும் மரபணு ஒன்றுக்குள் புகுந்து அதை முடக்கியது. அதன் இணை மரபணுவும் பழுதுபட்டிருந்ததால் அந்தச் செடிகளின் எண்ணெயில் ஓலிக் அமிலம் கூடியது. அத்தகைய எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்காது. செக்குக்காரருக்கும் கடைக்காரருக்கும் இது பெரிய செய்தி. ஆனால் துண்டு தாவியது அவர்களுக்காக அன்று, செடிக்காகவும் அன்று. நன்மை தற்செயல். இதை மரபணுவின் பக்கம் நின்று பார்க்காமல் விளக்க எனக்கு வழி தெரியவில்லை.

கூட்டு வாழ்க்கைக்கு வந்தால் நிலை வேறு. ஓர் உயிர் தன் வாரிசை விட்டுக்கொடுத்து உறவினருக்கு உழைப்பதை ஹாமில்டன் ஒரு விதியாக்கினார்: பயனை உறவின் நெருக்கத்தால் பெருக்கினால் அது செலவை மிஞ்ச வேண்டும். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் ராகவேந்திர கடக்கர் தென்னிந்தியக் குளவியான ரோப்பாலிடியா மார்ஜினேட்டாவை வைத்துப் பல ஆண்டுகள் இதைச் சோதித்தார். 2001-இல் தனி நூலே வெளியிட்டார். இந்தக் குளவியின் ராணி பல ஆண்களோடு சேர்கிறது. ராணிகளும் அடிக்கடி மாறுகின்றன. அதனால் வேலைக்காரக் குளவி வளர்க்கும் குஞ்சுகளோடு அதற்குள்ள உறவு நாம் எதிர்பார்க்கும் அளவுக்கு நெருக்கமாக இல்லை. ஆனாலும் அது உழைக்கிறது. கடக்கர் விதியைத் தூக்கி எறியவில்லை. உறவை மட்டுமே அளந்துகொண்டிருந்தவர்களின் கவனத்தைப் பயன், செலவு என்ற மற்ற இரண்டின் பக்கம் திருப்பினார். தனியே கூடு கட்டும் குளவி செத்தால் குஞ்சுகளும் சாகும். கூட்டத்தில் செத்தால் அது பாதியில் விட்ட உழைப்பை மற்றவை முடித்துவைக்கும். 2010-இல் நோவாக், டார்னிட்டா, வில்சன் மூவரும் ‘நேச்சர்’ இதழில் உறவுத்தேர்வுக் கோட்பாட்டையே மறுத்ததும், மறு ஆண்டு நூற்றுக்கும் மேற்பட்டோர் கையெழுத்திட்டுப் பதில் எழுதியதும் பெரும் பரபரப்பாயிற்று. அந்தச் சத்தத்தைவிடக் குளவிக் கூட்டின் கீழ் பொறுமையாக உட்கார்ந்த வேலையே எனக்குப் பெரிதாகப் படுகிறது.

மூன்றாவது சண்டை, மரபணுவைத் தனியே பிரித்து எண்ணலாமா என்பது. மரபியலாளர் ஜே.பி.எஸ். ஹால்டேன் 1957-இல் இந்தியாவுக்கு வந்து குடியுரிமையும் பெற்றவர். மரபணுக்களைப் பையிலிட்ட மொச்சைக்கொட்டை போலத் தனித்தனியே எண்ணுகிறார்கள் என்று எர்ன்ஸ்ட் மேயர் குறைசொன்னதற்கு, அந்த எண்ணிக்கைக் கணிதத்தை ஆதரித்து 1964-இல் பதில் எழுதினார். அவ்வாண்டு டிசம்பரில் புவனேசுவரத்தில் காலமானார். அவரோடு இந்தியாவுக்கு வந்தது ‘ஜர்னல் ஆஃப் ஜெனிடிக்ஸ்’. அதே இதழில் 2015-இல் என்.ஜி. பிரசாத், சுதீர்த்த தேய், அமிதாப் ஜோஷி, டி.என்.சி. வித்யா நால்வரும் மரபுரிமை என்பதையே திரும்ப யோசிக்கச் சொன்னார்கள். தலைமுறை தாண்டிப் பண்பைப் பாதிக்கும் எதுவும், மரபணு ஆனாலும் வேறு ஆனாலும், ஒரே கணக்குக்குள் வர வேண்டும். பண்பு வெளிப்படும் சூழலையும் அதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அவர்கள் வாதம்.

சூழலின் இந்தப் பங்கை விழுப்புரம் பக்கத்து விவசாயி தன் நிலத்தில் காண்கிறார். மல்லாட்டையில் பூ தரைக்கு மேலே, காய் மண்ணுக்குள். விழுது மண்ணுக்குள் இறங்கி இருட்டில் இருந்தால்தான் காய் பருக்கும். இறங்காத விழுது அப்படியே வற்றிப்போகும். காய் தனக்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தைச் சுற்றியுள்ள மண்ணிலிருந்து தானே நேராக உறிஞ்சுகிறது. அதனால்தான் ஹெக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைக்கிறார்கள். மரபணுப் பார்வைக்காரர்களிடம் இதற்குப் பதில் உண்டு: ஒரே வயலில் எல்லாச் செடிக்கும் மண் ஒன்றுதானே, மிஞ்சும் வேறுபாடு மரபணுவால் வருவதுதானே என்பார்கள். ஒரு வயலுக்குள் அது சரி. செம்மண்ணில் பொறுக்கிய விதையைக் களி மண்ணில் போட்டால், முன்பு முந்திய செடி பின்தங்கலாம். அப்போது எந்த மரபணு ‘நல்லது’ என்பதைத் தீர்மானிப்பது மண்ணும்தான். வாதம் இன்றைக்கு நடப்பது இங்கேதான். மரபணு உண்டா இல்லையா என்பதில் யாருக்கும் ஐயமில்லை. சூழல் மாற மாற மாறும் ஒரு மதிப்பை மரபணுவின் சொந்தச் சொத்தாக எழுதலாமா என்பதில்தான் அவர்கள் பிரிந்து நிற்கிறார்கள்.